மடி கட்டிய மாடும் மறைத்த கிரயமும்: கிறிஸ்தவ வாழ்வில் உண்மை

"பொய் சொல்லக் கூடாது" என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எளிது. அந்தப் பிள்ளைகளே வளர்ந்து பனியன் கம்பெனியில் கணக்கு எழுத உட்காரும்போது, தோட்டத்தை விற்கும்போது, தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது அந்த ஒரு வரி போதாமல் போகிறது. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் கேட்கும் கேள்விகளும் இந்த இடங்களிலிருந்துதான் வருகின்றன. வாயால் பொய் சொல்லாவிட்டால் வஞ்சனை ஆகாதா? எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டுமா? உயிரைக் காப்பாற்றப் பொய் சொன்னால் குற்றமா? ஏற்கெனவே ஏமாற்றிவிட்டேன், இனி என்ன செய்வது?

பத்துக் கட்டளைகளில் ஒன்று, பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்கிறது. கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் அதை எட்டாம் கட்டளை என்பார்கள். ஈரோடு ப்ரப் நினைவு ஆலயத்துக்குப் போகிறவர்கள் ஒன்பதாம் கட்டளை என்பார்கள். எண்ணும் முறைதான் வேறு, கட்டளை ஒன்றே. நேரடியாகப் பார்த்தால் அது நீதிமன்றச் சாட்சியைப் பற்றியது. ஒருவன் சொல்லும் பொய்யால் இன்னொருவன் நிலமும் மானமும், சில சமயம் உயிரும் போகக்கூடிய இடம் அது. ஆனால் வேதம் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. லேவியராகமம் 19ஆம் அதிகாரம் களவு, வஞ்சனை, பொய் மூன்றையும் ஒரே வசனத்தில் சேர்த்துச் சொல்கிறது. அதே அதிகாரம் கடைசியில் தராசு, நிறைகல், மரக்கால், படி என்று சந்தைக்கே இறங்கி வந்துவிடுகிறது.

நாமும் சந்தைக்கே போவோம். ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் ஒரு கறவை மாடு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மடி பெருத்திருக்கிறது, காம்பு நான்கும் விறைத்து நிற்கின்றன. வாங்க வந்தவர், "ஏனுங்க, நேரத்துக்கு எத்தனை லிட்டர் கறக்குமுங்க?" என்று கேட்கிறார். விற்கிறவர், "மடியப் பாருங்க, நீங்களே சொல்லுங்க" என்கிறார். அவ்வளவுதான். அவர் வாயிலிருந்து ஒரு பொய்யும் வரவில்லை. ஆனால் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே கறக்காமல், கன்றையும் விடாமல், மடி கட்டவைத்து ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மாட்டுக்கு வலி. வாங்கியவர் வீட்டில் ரெண்டு நாள் கழித்துப் பால் பாதியாகிறது.

வஞ்சனை என்று வேதம் சொல்வதைப் புரிந்துகொள்ள இந்த மாடு போதும். உண்மை அல்லாத ஒன்றை உண்மை என்று இன்னொருவர் நம்பும்படி தெரிந்தே செய்வதுதான் வஞ்சனை. அதற்கு வாய் வேண்டியதில்லை. மூட்டையில் மேலே நல்ல விரலி மஞ்சளைப் போட்டு அடியில் பூச்சி அரித்த பழைய மஞ்சளைத் தள்ளுவது, பாலில் தண்ணீர் விடுவது, பேசவேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்வது எல்லாம் இதற்குள் வந்துவிடும். "நான் ஒன்றுமே சொல்லலையே" என்பது கடவுள் முன்னால் எடுபடாது.

விற்கிறவரை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. நீதிமொழிகள் 20:14 வாங்குகிறவரைப் பிடிக்கிறது: "கொள்ளுகிறவன்: நல்லதல்ல, நல்லதல்ல என்பான், போய்விட்டபின்போ மெச்சிக்கொள்ளுவான்." மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, சுழி சரியில்லை என்று விலையை இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போய் "என்ன அருமையான உருப்படி தெரியுமா!" என்று பெருமையடிக்கிற ஆளை மூவாயிரம் வருஷத்துக்கு முன்பே பார்த்து எழுதி வைத்த மாதிரி இருக்கிறது. விலை குறைத்துக் கேட்பதில் தப்பில்லை. நல்லது என்று தெரிந்தே கெட்டது என்று சொல்வதுதான் தப்பு.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

பெயர் கெட்டுவிடும், மாட்டிக்கொள்வோம், வியாபாரம் படுத்துவிடும் என்பவை எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் மாட்டவே மாட்டோம் என்று உறுதியாகத் தெரிந்தால் அந்தக் காரணங்கள் உடனே செத்துவிடும். பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபம் 4:25இல் தருகிற காரணம் வேறு. நாம் ஒருவருக்கொருவர் அவயவங்களாயிருக்கிறோம், அதனால் பொய்யைக் களைந்துபோட்டு மெய்யைப் பேசுங்கள் என்கிறார். அதாவது, நீங்கள் ஏமாற்றுகிற ஆள் வேறு உடம்பல்ல. நான்காம் நூற்றாண்டில் அந்தியோகியாவிலும் கான்ஸ்டான்டினோப்பிளிலும் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோம் இந்த வசனத்தை விளக்கும்போது, கண் ஒரு பாம்பைப் பார்த்துவிட்டால் காலை ஏமாற்றுமா என்று கேட்கிறார். ராத்திரி முறைத் தண்ணீர் வந்து மஞ்சள் காட்டுக்குப் பாய்ச்சப் போகிறவருக்கு இந்தக் கேள்வியின் அர்த்தம் நன்றாகவே தெரியும். கண் பொய் சொன்னால் சாவது கால் மட்டுமல்ல.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அது இதைவிட ஆழமானது. கிறிஸ்தவர் வணங்குகிறவர் "நானே சத்தியம்" என்று தம்மைப் பற்றியே சொன்னவர். சாத்தானையோ அவர் பொய்க்குப் பிதா என்றார். இரண்டும் யோவான் சுவிசேஷத்தில்தான் இருக்கின்றன, 14ஆம் அதிகாரத்திலும் 8ஆம் அதிகாரத்திலும். ஆகவே பொய்யை ஒரு சின்ன ஒழுக்கக் குறையாக எண்ணி ஒதுக்க இடமில்லை. யாருடைய பிள்ளை என்ற கேள்வியே அதில் வந்துவிடுகிறது.

அனனியாவும் சப்பீராளும்

இந்தக் கதையைப் பலர் தவறாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். காணிக்கையில் குறைத்ததற்காகக் கடவுள் அடித்தார் என்று ஒரு பயம் அதைச் சுற்றி இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 5ஆம் அதிகாரத்தை மெதுவாகப் படித்தால் அப்படி இல்லை.

அதற்கு முந்தின அதிகாரத்தின் கடைசியில் பர்னபா என்ற சீப்புருதீவுக்காரர் தன் நிலத்தை விற்று, பணம் முழுவதையும் அப்போஸ்தலர் பாதத்தில் வைக்கிறார். சபையில் அவருக்கு நல்ல மரியாதை. அதைப் பார்த்த பிறகுதான் அனனியாவும் அவன் மனைவி சப்பீராளும் தங்கள் காணியை விற்கிறார்கள். கிரயத்தில் ஒரு பங்கை வீட்டில் வைத்துக்கொண்டு, மீதியைக் கொண்டுவந்து இதுதான் முழுத்தொகை என்பதுபோல் வைக்கிறார்கள். பேதுரு கேட்கிற கேள்வியைக் கவனியுங்கள். விற்பதற்கு முன் அது உன்னுடையதாய்த்தானே இருந்தது? விற்ற பிறகும் பணம் உன் கையில்தானே இருந்தது? பாதியைக் கொடுத்திருக்கலாம். கால்வாசி கொடுத்திருக்கலாம். ஒன்றுமே கொடுக்காமல் இருந்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க முடியாது. அவர்கள் ஆசைப்பட்டது பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து முழுப் பெயரையும் வாங்கிக்கொள்ள.

அதைக் கேட்டதும் அனனியா விழுந்து செத்தான். மூன்று மணி நேரம் கழித்து, அது தெரியாமல் சப்பீராள் உள்ளே வருகிறாள். பேதுரு கேட்கிறார்: "நிலத்தை இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள், எனக்குச் சொல்." அவள்: "ஆம், இவ்வளவுக்குத்தான்." அவளும் அங்கேயே விழுந்து செத்தாள்.

கொங்கு நாட்டில் நிலம் விற்ற, வாங்கிய எந்தக் குடும்பமும் இந்த இடத்தில் கொஞ்சம் நெளியத்தான் செய்யும். பத்திரத்தில் எழுதும் தொகை ஒன்று, கையில் வாங்கும் தொகை வேறொன்று என்பது நம் பக்கம் வெகு சாதாரணமாகிவிட்டது. வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம், மீதி ரொக்கம். "இவ்வளவுக்குத்தானா?" என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால் "ஆமாங்க, இவ்வளவுக்குத்தான்" என்று இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுகின்றன. ஊரே செய்கிறது, செய்யாவிட்டால் விற்கவே முடியாது என்பார்கள். அந்த நெருக்கடி உண்மையானது, அதை நான் லேசாக எண்ணவில்லை. ஆனால் சப்பீராள் சொன்ன அதே வார்த்தைகளை அவள் சொன்ன அதே விஷயத்தில் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பற்றிப் பிரசங்கம் கேட்பது எப்படி என்று ஒரு கிறிஸ்தவக் குடும்பம் உட்கார்ந்து யோசித்தே ஆகவேண்டும். முழுத்தொகைக்குப் பத்திரம் எழுதினால்தான் விற்பேன் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆள் கிடைக்கத் தாமதமாகும், முத்திரைத்தாள் செலவில் வாங்குகிறவரோடு பேச்சு வார்த்தை நீளும். அது உண்மையின் விலை.

பொய் சொன்ன எல்லாரையும் கடவுள் அங்கேயே சாகடிப்பாரா என்று புதியவர்கள் பயப்படுவதுண்டு. இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்ட பேதுருவே ஒரு ராத்திரியில் மூன்று தரம், "அந்த மனுஷனை எனக்குத் தெரியாது" என்று இயேசுவைப் பற்றிப் பொய் சொன்னவர். அவர் வெளியே போய் மனங்கசந்து அழுதார், மறுபடி சேர்த்துக்கொள்ளப்பட்டார். பொய்யின் விஷம் தொண்டையில் இறங்குவது எப்படியிருக்கும் என்று தெரிந்த ஒருவர்தான் சப்பீராளிடம் கேட்கிறார். "ஆம்" என்பதற்குப் பதிலாக "இல்லை" என்று சொல்ல அவளுக்கு அந்தக் கேள்வி ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

நம் சபைகளில் அனனியாவின் பாவம் அதிகம் நடக்கிற இடம் பணமல்ல, கடவுள் தனக்குச் செய்ததை எல்லார் முன்னாலும் எடுத்துச் சொல்கிற சாட்சி நேரம். காய்ச்சல் குணமான கதை ஒரு கூட்டத்திலிருந்து அடுத்த கூட்டத்துக்குப் போகப் போகப் புற்றுநோய் குணமானதாக வளர்கிறது. கேட்கிறவர்கள் அல்லேலூயா சொல்கிறார்கள். சொல்கிறவர் கடவுளுக்கு மகிமை சேர்ப்பதாகவே நம்புகிறார். கடவுளுக்கு நம் பொய்யால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அடுத்த வரிசையில் உண்மையிலேயே புற்றுநோயோடு உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு அந்தச் சாட்சி என்ன செய்யும் என்று யோசித்தால் நாக்கு தானாக நின்றுவிடும்.

ஒரு வஞ்சனை எத்தனை தலைமுறை போகும்

யாக்கோபு கண் மங்கிய தகப்பனை ஏமாற்றிய கதை ஆதியாகமம் 27இல் இருக்கிறது. வெள்ளாட்டுக்குட்டியின் தோலைக் கையிலும் கழுத்திலும் கட்டிக்கொண்டு, நான்தான் ஏசா என்கிறான். வேட்டை எப்படி இவ்வளவு சீக்கிரம் கிடைத்தது என்று ஈசாக்கு கேட்க, உம்முடைய தேவனாகிய கர்த்தர் கிடைக்கப்பண்ணினார் என்கிறான். பொய்க்குக் கடவுளின் பெயரையே போர்த்திவிட்டான். ஆசீர்வாதம் கிடைத்தது. வீடு போனது. ஏசாவுக்குப் பயந்து ஓடினான். திட்டம் போட்டுக் கொடுத்த தாய் ரெபெக்காளை அவன் பிறகு பார்த்ததாக வேதத்தில் எங்கும் இல்லை. ஓடிப்போன இடத்தில் மாமன் லாபான் ராகேலைக் காட்டி லேயாளைக் கட்டிவைத்தான். இருபது வருஷம் வேலை வாங்கி, சம்பளத்தைப் பத்து முறை மாற்றினான் என்று யாக்கோபு புலம்புகிறான். பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிற திருப்பூர்க்காரர்களுக்கு அந்தப் புலம்பல் நன்றாகவே புரியும். கடைசியில், அவன் பெற்ற பிள்ளைகளே யோசேப்பை விற்றுவிட்டு, அங்கியை வெள்ளாட்டின் இரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவந்து "இது உம்முடைய மகனின் அங்கிதானா பாரும்" என்று காட்டினார்கள். தகப்பனை ஆட்டுத்தோலால் ஏமாற்றியவன் பிள்ளைகளால் ஆட்டு இரத்தத்தில் ஏமாந்தான்.

வஞ்சனை பரவும் விதத்தை நம் ஊரும் கண்ணால் பார்த்திருக்கிறது. பெரிய லாபம் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய பெருந்துறைப் பக்கத்து ஈமு கோழித் திட்டங்கள் 2012இல் சரிந்தபோது ஈரோடு, கோவை, திருப்பூர் மாவட்டங்களில் எத்தனையோ வீடுகள் சேமிப்பை இழந்தன. பணம் போனதோடு முடியவில்லை. தான் நம்பிச் சேர்ந்தவர் மச்சானைச் சேர்த்துவிட்டிருப்பார், மச்சான் பங்காளியைச் சேர்த்துவிட்டிருப்பார். பொய் உறவு வழியாகவே நடந்து போனது. சரிந்த பிறகு கல்யாணம் காட்சிக்கு முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாத குடும்பங்கள் உண்டு. தெரியாமல் சேர்த்துவிட்டவர் வஞ்சகர் அல்ல. ஆனால் சந்தேகம் வந்த பிறகும் கமிஷனுக்காக வாயைத் திறக்காதவர் மடி கட்டிய மாட்டை விற்றவர்தான். சபைக்குள் யாராவது "ஜெபித்துவிட்டு ஆரம்பித்த திட்டம்" என்று பணம் கேட்டால், யாக்கோபு கர்த்தரின் பெயரைச் சொன்ன அந்த இடத்தை நினைத்துக்கொண்டு கணக்கைக் கேளுங்கள். கேட்பது விசுவாசக் குறைவு அல்ல.

எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமா?

வேண்டாம். மறைப்பது வேறு, ஏமாற்றுவது வேறு. ஆவியில் உண்மையுள்ளவன் காரியத்தை அடக்குகிறான் என்று நீதிமொழிகள் 11:13 அடக்கத்தையே புகழ்கிறது. ஏரோது கேள்விமேல் கேள்வி கேட்டபோது இயேசு ஒன்றும் பதில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் வியாதி, ஆயரிடம் ஒருவர் மனம்விட்டுச் சொன்னது, பிள்ளையின் பரீட்சை மார்க் எல்லாம் ஊருக்குச் சொல்லவேண்டியவை அல்ல. கேட்கிறவருக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறதா என்பதைப் பார்க்கவேண்டும். மாப்பிள்ளைக்குக் கடன் இருக்கிறதா, முன்பு ஏதாவது தீராத நோய் உண்டா என்று பெண் வீட்டார் கேட்டால் அவர்களுக்கு உரிமை இருக்கிறது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்ற பழமொழியைக் கிறிஸ்தவ வீட்டில் விட்டுவிட வேண்டும். கட்டிக்கொண்டு வருகிற பெண் ஆயுசுக்கும் அந்த ஆயிரத்தோடு குடித்தனம் நடத்தவேண்டியிருக்கும்.

உயிரைக் காப்பாற்ற? இங்கே கிறிஸ்தவர்களே ஒத்துப்போனதில்லை. எகிப்தில் மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் குழந்தைகளைக் காப்பாற்ற ராஜாவிடம் பொய் சொன்னார்கள். எரிகோவில் ராகாப் ஒற்றரை ஒளித்துவைத்துப் பொய் சொன்னாள். வேதம் அவர்களைக் கெட்டவர்களாகக் காட்டவில்லை. ஆனாலும் ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன், 395 வாக்கில் ஒரு நூலும் 420 வாக்கில் இன்னொரு நூலும் எழுதி, எதற்காகவும் பொய் கூடாது என்றார். மருத்துவச்சிகளுக்குக் கிடைத்த நன்மை அவர்கள் இரக்கத்துக்கு, பொய்க்கு அல்ல என்பது அவர் வாதம். புரைதீர்ந்த நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வரும் என்று குறள் படித்து வளர்ந்த நமக்கு அகுஸ்தீன் சற்றுக் கடுமையாகவே தெரிவார். நாஜிகளால் 1945இல் தூக்கிலிடப்பட்ட ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் சிறையில் எழுதிய ஒரு கட்டுரையில் வேறொரு உதாரணம் தருகிறார். வகுப்பில் எல்லார் முன்னாலும் ஆசிரியர் ஒரு பிள்ளையிடம், உன் அப்பா குடித்துவிட்டு வருவாரா என்று கேட்கிறார். பிள்ளை இல்லை என்கிறது. உண்மையில் அப்பா குடிகாரர். அந்தப் பொய்யின் பழி கேட்கக்கூடாததைக் கேட்ட ஆசிரியர் மேல் விழுகிறது என்கிறார் போன்ஹோஃபர்.

நான் அந்தப் பிள்ளையின் பக்கம். ஆனால் நம் பொய்களில் எத்தனை அந்த மாதிரியானவை? ராகாபை மேற்கோள் காட்டுகிற நேரத்தில் நாம் காப்பாற்றுவது பெரும்பாலும் நம் பணத்தையும் மானத்தையும்தான்.

வேலை இடத்துக் கேள்வி இதைவிடச் சிக்கலானது. வெளிநாட்டு ஆர்டர் எடுக்கிற கம்பெனிக்கு ஆடிட் வருகிறது. வருகைப் பதிவு இரண்டு வைத்திருக்கிறார்கள், ஒன்று நிஜம், ஒன்று காட்டுவதற்கு. எட்டு மணி நேரம்தான் வேலை என்று சொல்லும்படி பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு உங்களுக்கு வருகிறது. மறுத்தால் வேலை போகலாம். இங்கே முதல் குற்றம் யாருடையது என்பதில் வேதத்துக்குச் சந்தேகமில்லை. அநியாயமாய்ப் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று புதிய ஏற்பாட்டின் யாக்கோபு நிருபம் 5:4 (இது ஈசாக்கின் மகன் யாக்கோபு அல்ல) முதலாளியைத்தான் பார்த்துப் பேசுகிறது. இருந்தாலும் பொய்ப் பதிவில் உங்கள் கையெழுத்து விழாமல் பார்த்துக்கொள்ளலாம். அந்த வேலையை என்னிடம் தராதீங்க என்று மேலாளரிடம் தனியாகக் கேட்கலாம். வேறு இடம் தேட ஆரம்பிக்கலாம், அதற்குள் வீட்டுச் செலவுக்குச் சபை கை கொடுக்கவேண்டும். ஒருவரை உண்மையாய் இரு என்று சொல்லிவிட்டு அவர் வேலை போனபின் ஜெபம் மட்டும் பண்ணுகிற சபை பாதி வேலைதான் செய்திருக்கிறது.

ஏற்கெனவே ஏமாற்றியிருந்தால்

முதலில், ஒளிப்பதை நிறுத்துங்கள். அடக்கிவைத்தவரைக்கும் என் எலும்புகள் உலர்ந்துபோயின என்று 32ஆம் சங்கீதத்தில் தாவீது சொல்வதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கடவுளிடம் அறிக்கையிடுங்கள். கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவார்கள், மற்றவர்கள் தனியாகவோ நம்பிக்கையான ஒருவரிடமோ சொல்வார்கள். ஆனால் அதோடு கதை முடிந்தது என்று எந்தச் சபையும் போதிப்பதில்லை. ஏமாற்றி வாங்கியதை முழுவதுமாகத் திருப்பி, அதோடு ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்பது லேவியராகமம் 6இல் உள்ள சட்டம். பத்தாயிரம் ஏமாற்றினால் பன்னிரண்டாயிரம். எரிகோவில் வரி வசூலித்த ஆயக்காரன் சகேயு யாரும் கேட்காமலே நாலு மடங்கு என்றான். உன் வீட்டில் தங்கவேண்டும் என்று இயேசு சொன்ன பிறகுதான் அவன் அப்படிச் சொன்னான் என்பதைக் கவனியுங்கள். திருப்பிக் கொடுத்து மன்னிப்பை வாங்கவில்லை, ஏற்றுக்கொள்ளப்பட்டதால் கை திறந்தது.

நேரில் போவது கஷ்டம். "அண்ணா, அந்த மாட்டைக் கறக்காம ஓட்டிட்டு வந்து உங்களுக்கு வித்தேனுங்க, மன்னிச்சிருங்க, இந்தாங்க பணம்" என்று ஒரு வீட்டு வாசலில் நின்று சொல்வதற்குத் தைரியம் வேண்டும். அவர் திட்டலாம், ஊரெல்லாம் சொல்லலாம். அதற்கும் தயாராகத்தான் போகவேண்டும். நேரில் போனால் அடிதடி ஆகும் என்றாலோ இன்னொரு குடும்பம் உடையும் என்றாலோ ஆயரையோ பங்குத்தந்தையையோ நடுவில் வைத்துப் பணத்தைச் சேர்ப்பித்துவிடலாம். கையில் மொத்தமாக இல்லையென்றால் தவணையில் கொடுங்கள், தொகையை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஏமாந்தவர் இறந்துபோயிருந்தால் வாரிசுகளிடம் கொடுக்கவேண்டும். வாரிசும் இல்லையென்றால் அந்தத் தொகை கர்த்தருக்கென்று ஆசாரியனிடம் சேரவேண்டும் என்று எண்ணாகமம் 5:8 சொல்கிறது. இன்று அதை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பெயர் போடாமல், ரசீது வாங்காமல், காணிக்கைக் கணக்கிலும் சேர்க்காமல்.